கல்தெருவுக்கு ஏற்ற டயர்

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வியாழக்கிழமை ரோஸ்வித்தா பாட்டுக் குழுவுக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். அடுத்த வியாழன் ஜன்னல் திரைகளைத் துவைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வியாழன் மழை. மே மாதம் பிறந்ததும் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். மாலை ஆறு மணிக்குப் புருஷன் எக்கார்ட் கார் சாவியைக் கையில் எடுத்தால், "வேண்டாம், வை" என்று மட்டும் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள்.

எக்கார்ட் மெர்ட்டனுக்கு இது பிடிபடவில்லை. பிர்க்கன்ரோடே ஊர்ப் பாட்டுக் குழுவில் ரோஸ்வித்தா நாற்பத்தோரு வருஷமாகப் பாடுகிறாள். போன நவம்பர் வரை, பிள்ளை பெற்ற வருஷம் தவிர ஒரு வியாழன் தவறவிட்டவள் இல்லை. அந்த நவம்பரில் ஈரத்துணிக் கூடையைத் தூக்கப் போய் முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிப் போனது. எலும்பு சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரம் படுக்கை, பிறகு இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அப்படி இருந்தும் கிறிஸ்துமஸ் கச்சேரிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் நின்று பாடினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லா வியாழனும் போனாள். அத்தனை குளிரில் போனவளுக்கு, ஆப்பிள் மரம் பூத்த பிறகு என்ன வந்தது?

வயசாகிறது, சலித்துப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தான். பிறகு, தன்மேல்தான் சலிப்போ என்று ஒரு பயம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புருஷன் நாள் முழுக்க வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்கும் பேச்சு குறைந்துதானே போகும்? கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தான். இரண்டு தடவையும் வேறெதையோ கேட்டு முடித்தான்.

எக்கார்ட் முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியவன். ஊரிலிருந்து ஹார்ட்ஸ் மலைமேல் இருக்கும் கிராமங்கள் வரை, வளைவும் ஏற்றமுமான தடம். அவன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த கிழவிகள்கூடக் கம்பியைப் பிடிப்பதில்லை என்று ஊரில் பேச்சு உண்டு. ஓய்வு பெற்ற வாரம் தனக்கென்று ஒரு குட்டிச் சிவப்புக் காரை வாங்கினான். பழைய வண்டிதான், ஆனால் பதினாறு இஞ்ச் சக்கரம் போட்ட பந்தயக்கார ரகம். அகலமான டயர், நட்சத்திரம் மாதிரி விரிந்த வெள்ளி ரிம். ஆயுள் முழுக்கச் சாம்பல் நிற இரும்புச் சக்கரத்தோடு காலம் தள்ளியவனுக்கு அந்த ரிம்மின்மேல் கொள்ளை ஆசை. சனிக்கிழமை தோறும் பழைய பல்துலக்கியால் இடுக்கு இடுக்காகத் தேய்ப்பான். எதிர்வீட்டு லோத்தார் வேலியில் சாய்ந்துகொண்டு, "பல்லு விளக்கி முடிச்சாச்சா? வாய் கொப்பளிக்க வைக்கலையா?" என்று கேட்பான்.

ஜூன் மாதம் ரோஸ்வித்தாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மடத்துத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். நானூறு மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் பாவிய பழைய தெரு அது. ஒவ்வொரு கல்லும் ஒரு ரொட்டி அளவு, ஒன்று மேலே ஒன்று கீழே. பாட்டுக் குழு கூடும் பழைய மடமும் அந்தத் தெருவின் கடைசியில்தான், அதற்கும் வேறு வழி இல்லை.

மருந்துக்கடை முனையில் ஒரு சைக்கிள்காரனுக்காக எக்கார்ட் வண்டியை நிறுத்தினான். வலப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று திரும்பியபோது பார்த்தான். ரோஸ்வித்தா இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையில் அழுத்தி ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. கல்தெரு இன்னும் தொடங்கக்கூட இல்லை. தொடங்கப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரோஸ், என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு. நீ ஓட்டு."

அவன் ஓட்டினான். நடக்கிற வேகத்தில் ஓட்டினான். நானூறு மீட்டரும் அவள் கையைத் தளர்த்தவில்லை.

மறுநாள் காலையிலேயே எக்கார்ட் டயர்க் கடைக்குப் போனான். கடை மான்யாவுடையது. நாற்பத்தைந்து வயசு, ஆள் வாட்டசாட்டம், காதுமேல் எப்போதும் செருகிய ஒரு சுண்ணாம்புக்கட்டி. பள்ளிக்கூடத்துக்கு அவனுடைய பஸ்ஸில் போனவள். அதனால் இன்றைக்கும் மரியாதையோடுதான் பேசுவாள், கேலி செய்யாமல் இருக்கமாட்டாள்.

"ஷாக் அப்சார்பர் போயிருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் பாரு" என்றான்.

மான்யா வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து, தட்டி, அமுக்கிப் பார்த்தாள். "ஷாக் அப்சார்பர் உங்களைவிட நல்லா இருக்கு மெர்ட்டன் சார். யாரு குறை சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு" என்றான். பிறகு நேற்றுப் பார்த்ததைச் சொன்னான்.

மான்யா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வண்டியில அந்தப் பக்கத்து சீட்டுல நீங்க என்னைக்காவது உக்காந்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். கார் வாங்கி ஒன்பது வருஷம். ரோஸ்வித்தாவுக்கு ஓட்டத் தெரியாது. வேறு யார் கையிலும் அவன் சாவியைக் கொடுத்ததில்லை.

"சாவியைக் கொடுங்க" என்றாள் மான்யா.

மடத்துத் தெருவில் அவள் நேற்று அவன் ஓட்டிய அதே வேகத்தில்தான் ஓட்டினாள். முதல் பத்து மீட்டரிலேயே எக்கார்ட்டுக்குப் பல் தந்தியடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது எந்தக் கல் எப்போது வரும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உடம்பு அதற்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு இடியும் சொல்லாமல் கொள்ளாமல் கீழிருந்து நேராக முதுகுத்தண்டில் ஏறியது. அவன் முதுகு நன்றாக இருக்கிற முதுகு. பாதித் தெருவில் அவன் கைகள் தாமாகவே இருக்கையை அழுத்தின.

"போதும், நிறுத்து" என்றான்.

மான்யா நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். "எப்பலேர்ந்து வர்றதில்ல?"

"ஈஸ்டர்லேர்ந்து. குளிர்காலம் முழுக்க வந்தா. அதுதான் புரியல."

"குளிர்காலத்துல என்ன டயர் போட்டிருந்தீங்க?"

எக்கார்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பனி டயர். அது இரும்பு ரிம்மில் போட்ட பதினைந்து இஞ்ச், குறுகலானது, பக்கச்சுவர் உயரமானது. ஈஸ்டருக்கு மறுநாள் அதைக் கழற்றிவிட்டு, பளபளவென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளிச் சக்கரத்தை மாட்டினான். மாட்டிவிட்டு அவளை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தான். நன்றாயிருக்கிறது என்று சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் மான்யா இரண்டு டயரைச் சுவரில் சாய்த்து வைத்து, சுண்ணாம்புக்கட்டியால் தரையிலேயே கோடு போட்டாள். "இப்ப உங்க வண்டியில ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் இவ்வளவுதான். ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்ல. பனி டயர்ல பத்துக்கு மேல. அந்த உயரத்துல இருக்கற காத்துதான் மெத்தை. மெத்தை இல்லாம கல்லுல படுத்தா எப்படி இருக்கும்?"

"அப்ப பழைய பனி டயரையே மாட்டிடு."

"கோடையில பனி டயரா? நாய் குறுக்க வந்தா பிரேக் பிடிச்சு அடுத்த ஊர்ல போய் நிப்பீங்க. அதுவும் போக அது எட்டு வருஷ ரப்பர், கட்டையாப் போச்சு. போன அக்டோபர்லயே சொன்னேன். வருஷத்துக்கு எவ்வளவு ஓடுது?"

"ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கும்."

"அதுக்கு எதுக்கு ரெண்டு செட்? ரெண்டும் தேயறதுக்கு முன்னாடியே காஞ்சுபோகுது. வருஷம் பூரா ஓடற டயர் ஒரு செட் போடுங்க. எல்லா நாளும் ஒரே மெத்தை."

எக்கார்ட் முகம் சுளித்தான். பஸ் டிப்போவில் அந்த ரகத்துக்கு ரெண்டுங்கெட்டான் டயர் என்று பேர். வெயிலுக்கும் முழுசாக ஆகாது, பனிக்கும் முழுசாக ஆகாது என்பார்கள்.

"ரெண்டுங்கெட்டான்தான், இல்லைங்கல" என்றாள் மான்யா. "ஆனா நீங்களே இப்ப ரேஸ் ஓட்டப் போறதில்ல. மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கற டயராப் பாத்து எடுப்போம், குளிர்காலத்துக்குச் சட்டப்படி அது போதும். பனி ரொம்பக் கொட்டற அன்னிக்கு மலை ஏறாதீங்க. அவ்வளவுதான். இப்ப கேள்வி அது இல்ல. எவ்வளவு சின்ன ரிம்முக்குப் போகலாம்ங்கறதுதான் கேள்வி. பதினாலு கிடைச்சா பக்கச்சுவர் பதினொண்ணரை சென்டிமீட்டர் வரும். வெளிவட்டம் அதே அளவுதான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனா உங்க பதிவுச் சீட்டுல ஒரே ஒரு அளவுதான் போட்டிருக்கு. வேற எந்த அளவெல்லாம் போடலாம்னு கம்பெனி கொடுத்த சான்றிதழ்ல இருக்கும். மஞ்சள் காகிதம், ரெண்டு பக்கம். அதைக் கொண்டாங்க."

அந்தக் காகிதம் வீட்டில் எங்கே இருக்கும் என்பதில் எக்கார்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. ரோஸ்வித்தாவின் நீலக் கோப்பில் இருக்கும். கோப்பு அவளுடைய தையல் அலமாரியில் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் எடுத்து, தெரியாமல் டயரை மாற்றி, ஒரு வியாழக்கிழமை சும்மா கூட்டிப் போவதாக அவன் வழிநெடுகத் திட்டம் போட்டிருந்தான். அலமாரிக் கதவைத் திறந்த சத்தத்துக்கே அவள் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன தேடற?"

"ஒரு காகிதம். வண்டியோடது."

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மான்யா ஏதோ கேட்டா."

ரோஸ்வித்தா அவனை நகரச் சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்தாள். மூன்றே புரட்டலில் மஞ்சள் காகிதம் வந்தது. கொடுப்பதற்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே படித்தாள். இரண்டாவது பக்கத்தில் டயர் அளவுகள் என்று இருந்த இடத்தில் விரல் நின்றது.

"சக்கரத்தை மாத்தப் போறியா?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "இன்னிக்கு உன் சீட்டுல உக்காந்து மடத்துத் தெருவுல போனேன். மான்யா ஓட்டினா."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். எக்கார்ட் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் குனிய முடியாது என்பதால் சமீப காலமாக இருவரும் பேசும்போது அவன் எங்காவது தாழ்வாக உட்கார்ந்துகொள்வது வழக்கமாகியிருந்தது.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் பஸ்ஸைப் பத்தி ஊரே பேசும். முப்பத்து நாலு வருஷம் ஒருத்தரையும் குலுக்காம ஓட்டினவன்கிட்டப் போய், நீ ஓட்டினா எனக்கு வலிக்குதுன்னு சொல்லணுமா?"

"சொல்லியிருக்கணும்."

"அதுவும் அந்தச் சக்கரம். சனிக்கிழமை நீ அதுகிட்ட உக்காந்திருக்கறப்ப விசிலடிப்ப. உனக்கே தெரியாது, நீ வேற எப்பவும் விசிலடிக்கறதில்ல. அதைக் கெடுக்க மனசு வரல. பாட்டுக்குப் போகாம இருந்துடலாம்னு பாத்தேன். முடியும்னுதான் நினைச்சேன்."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உனக்கு என்னையே அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

ரோஸ்வித்தா அவன் தலையில் கை வைத்தாள். "அது எண்பத்தி மூணுலயே அலுத்துப்போச்சு. அப்புறம் பழகிட்டேன்" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் எழச் சொல்லவும் இல்லை, அவனும் எழவில்லை. அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் வற்றும்வரை இருந்தார்கள்.

சனிக்கிழமை இருவருமாகவே கடைக்குப் போனார்கள். கல்தெருவைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பாதையில், இரண்டு மடங்கு தூரம் போனார்கள். மான்யா மஞ்சள் காகிதத்தைப் படித்தாள். பதினாறு, பதினைந்து, பதினான்கு மூன்றும் அதில் இருந்தன. "காகிதம் சொன்னாலும் பிரேக் ஒத்துக்கணுமே" என்று ஒரு வெறும் பதினான்கு இஞ்ச் இரும்பு ரிம்மை முன்பக்கம் மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தாள். எக்கார்ட் தரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவே அவன் சுண்டுவிரல் போனது. ரிம் எங்கும் உரசாமல் சுற்றியது.

"போட்டா நல்லா இருக்கும்னு நான் சொல்றது பதினஞ்சு" என்றாள் மான்யா. "வளைவுல கெட்டியா நிக்கும், பார்வைக்கும் மோசமில்ல. பதினாலு மெத்துனு போகும், ஆனா வளைவுல கொஞ்சம் ஆடும். பார்வைக்கு... சொல்லிடறேன், தள்ளுவண்டி மாதிரிதான் இருக்கும். மெர்ட்டன் சார், நீங்கதான் முடிவு பண்ணணும்."

எக்கார்ட் வாயைத் திறப்பதற்கு முன் ரோஸ்வித்தா, "பதினஞ்சு போதும். அவனுக்குப் பிடிச்ச மாதிரியும் இருக்கட்டும்" என்றாள்.

"பதினாலு" என்றான் எக்கார்ட்.

"எக்கார்ட்."

"வளைவுல ஆடினா நான் பாத்துக்கறேன். பஸ்ஸு ஆடாத ஆட்டமா?" மான்யாவிடம் திரும்பினான். "காத்து எவ்வளவு வைக்கணுமோ அவ்வளவுதான் வை. மெத்துனு போகணும்னு குறைச்சு வச்சுடாத."

"அதை நீங்க எனக்குச் சொல்றீங்க" என்றாள் மான்யா.

புது டயரோடு வண்டி வீட்டு வாசலில் நின்றபோது லோத்தார் வேலிக்கு வந்து வெகு நேரம் பார்த்தான். "என்னப்பா இது, காரு செருப்பைத் தொலைச்சுட்டு வந்திருக்கு?" என்றான். உண்மையாகவே வண்டி பரிதாபமாகத்தான் இருந்தது. கறுப்பு இரும்புச் சக்கரம் சக்கர வளைவுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அவனுக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தடவை, "அசிங்கமாத்தான் இருக்கு" என்று சொன்னான். ரோஸ்வித்தா இரண்டு தடவையும் ஆமாம் என்றாள்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு தானாகவே வாசலில் வந்து நின்றாள். பாட்டுப் புத்தகம் கையில் இருந்தது. மருந்துக்கடை முனை வந்தது. அவள் உள்ளங்கைகள் இருக்கையைத் தேடிப் போவதைப் பார்த்தான். முதல் கல்லில் வண்டி ஏறியது. கல் இருக்கத்தான் செய்தது. ஆனால் இடி வரவில்லை, ஒரு தளும்பல்தான் வந்தது. படகு கரையில் முட்டுவது மாதிரி ஒன்று, பிறகு இன்னொன்று. இருபது மீட்டர் போனதும் அவள் ஒரு கையை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தாள். கொஞ்ச தூரம் கழித்து மறு கையையும் எடுத்தாள்.

தெருவின் நடுவில் குறுக்காக ஒரு சாக்கடைப் பள்ளம் உண்டு. அதில் இறங்கியபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"வலிக்குது" என்றாள்.

"சரி" என்று வண்டியை நிறுத்தினான். "சாய்வா ஏத்தறேன். சக்கரம் ஒவ்வொண்ணா ஏறட்டும்."

"சரி."

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. எங்கே வலித்தாலும் அவள் சொன்னாள். "இடப்பக்கம் போ, இங்க மெதுவா, இந்தக் கல்லு எவன் வச்சது" என்று அவள் வழி சொல்ல, அவன் ஓட்டினான். ஆகஸ்டு முடிவதற்குள் அந்தத் தெருவின் கல் ஒவ்வொன்றும் அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. வெள்ளி ரிம் நான்கையும் லோத்தார்தான் தன் மருமகனுக்கென்று வாங்கிக்கொண்டு போனான். வாங்கும்போது மட்டும் வாயே திறக்கவில்லை.

நவம்பர் நடுவில் மலைமேல் கிராமத்திலிருக்கும் அவள் தங்கை க்ரெட்டலுக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு வருஷமாக ரோஸ்வித்தா மலை ஏறவில்லை. பனி வராது என்று ரேடியோ சொன்ன நாள் பார்த்துக் காலையில் கிளம்பினார்கள். கேக் வெட்டி, காப்பி குடித்து, அக்கா தங்கை இருவரும் பழைய சண்டையில் பாதியைப் போட்டு முடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஈரப்பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மூன்று மணிக்குள் நான்கு விரல் கனம் சேர்ந்துவிட்டது.

"ராத்திரி தங்கிட்டுப் போங்களேன்" என்றாள் க்ரெட்டல்.

எக்கார்ட் வெளியே போய், குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த மலை முத்திரையைக் கையுறையால் துடைத்துப் பார்த்தான். காட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக வண்டியை ஓட்டிப் போய், பிரேக் பிடித்து, நின்று, திரும்பி வந்தான். "தாராளமாப் போகலாம். ஆனா பஸ்ஸு வேகத்துலதான் போவேன்" என்றான் ரோஸ்வித்தாவிடம். "உனக்கு பயமா இருந்தா தங்கிடலாம்."

"உனக்கு பயமா இருக்கா?"

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "இல்ல. இந்த ரெண்டுங்கெட்டான் பரவாயில்ல, பிடிக்குது."

இரண்டாம் கியரில் இறங்கினார்கள். முதல் வளைவில் வண்டி லேசாக ஆடிவிட்டு நிதானப்பட்டது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக நின்றன. எதிரே பனி அள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கோடு ஏறி வந்தது. ஓரம் ஒதுங்கி வழிவிட்டான். ஓட்டுநர் கையைத் தூக்கினான், இவனும் தூக்கினான். மூன்றாவது வளைவிலும் நான்காவது வளைவிலும் சக்கரம் வழுக்கவில்லை. ஐந்தாவது வளைவுக்கு முன்னால் ஓடைப் பாலம். அதன் இரும்பு இணைப்பு தூக்கிப்போடும் என்று அவனுக்குத் தெரியும்.

"ரோஸ், பாலம் வருது. பிடிச்சுக்கோ" என்றான்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். பாட்டுப் புத்தகம் எதுவும் இல்லாத மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ரோஸ்வித்தா தூங்கிப்போயிருந்தாள்.

எக்கார்ட் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். யாரும் வரவில்லை. பாலத்துக்கு முன்னால் வண்டியை நிற்கவைத்து, கிளட்சைப் பாதி விட்டு, ஒரு சக்கரம் ஏறிய பிறகு மறு சக்கரமாக, இணைப்பின்மேல் வண்டியை நகர்த்தினான். அவள் விழிக்கவில்லை. கீழே ஊரின் கூரைகள் தெரியத் தொடங்கியபோதும் விழிக்கவில்லை. வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்தினால் அந்த நிசப்தத்தில் எழுந்துவிடுவாள் என்று, அவன் தெருவை இன்னொரு தடவை சுற்றிவரப் போனான்.